கூரைக்குள் இருந்து வந்த சத்தம்: ஒரு புதுவீட்டு அட்டிக் பற்றிய நிகழ்வு ஆய்வு

வீடும் குடும்பமும்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, டுராம் பகுதியில் அண்மையில் எழும்பிய குடியிருப்பு ஒன்றில் இருக்கிறது இந்த வீடு. இரண்டு மாடித் தனிவீடு, அஸ்பால்ட் ஷிங்கிள் எனப்படும் தார் ஓடுகள் போட்ட சாய்வுக் கூரை. மேல்மாடி சீலிங்கின் பரப்பு ஏறக்குறைய 1,200 சதுர அடி. அந்தச் சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடம்தான் அட்டிக். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மனைவியின் அம்மா என ஐந்து பேர். ஒரு ஜூன் மாதம் குடிவந்தார்கள்.

வீடுகளைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்தக் குடும்பம் எனக்கு உறவு இல்லை, தெரிந்தவர் மூலம் அறிமுகம். முதல் குளிர்காலத்திலேயே ஒருமுறை தொலைபேசியில் கேட்டார்கள்: கூரைப் பக்கம் இடைக்கிடை சத்தம் வருகிறது, பயப்பட வேண்டுமா? "புதுவீடு, மரம் காயும்போது சத்தம் வரும், ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள்" என்றேன். வீட்டைக் கட்டிய நிறுவனத்தின் ஆளும் அதையே சொல்லியிருக்கிறார். கட்டடச் சட்டங்களுக்கு வரும் மரத்தில் 19 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். சூடேற்றிய வீட்டுக்குள் அது காய்ந்து பாதிக்கும் கீழே இறங்கும், அப்போது முறுக்கிக்கொள்ளும், முனகும். சொன்னது பொய்யில்லை. ஆனால் போய்ப் பார்க்காமல் சொன்னேன். அதன் விலை என்ன என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாவது குளிர்காலம், டிசம்பர் கடைசியில், சத்தம் முனகலாக இல்லை, வெடியாக மாறியிருந்தது. பிள்ளைகள் தூக்கத்தில் திடுக்கிட்டு எழும்பினார்கள். அணில் புகுந்திருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, பிராணி பிடிப்பவர்களைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தார்கள். எச்சமும் இல்லை, கடித்த அடையாளமும் இல்லை. அடுத்து கூரை வேலை செய்யும் ஒருவர் கதவைத் தட்டி, "உங்கள் அட்டிக்குக்குக் காற்று போதாது, மின்சார ஃபான் ஒன்று போட வேண்டும்" என்று விலையும் சொல்லிவிட்டுப் போனார். அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

கலண்டரில் இருந்த குறிப்புகள்

ஜனவரி நடுப்பகுதியில் போனேன். நேரே மேலே ஏறவில்லை. குசினியில் உட்கார்ந்து, எப்போது, எங்கே, எப்படிப்பட்ட சத்தம் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்.

கணவருக்குத் தெரிந்தது "ராத்திரியில் டமார் என்று" மட்டும்தான். அம்மாவுக்கோ தூக்கம் குறைவு. "தம்பி, மேல ஆரோ பலகைய முறிக்கிற மாதிரிக் கேக்குது" என்று சொல்லிவிட்டு, சுவரில் தொங்கிய கோயில் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். நல்ல நேரம், ராகுகாலம் போட்ட கட்டங்களுக்குள்ளே, பென்சிலால் சின்னச் சின்ன எழுத்தில் நேரங்கள். "இரவு 10.20 பெரிசு. 11.05 இன்னொண்டு." ஒரு கட்டத்தில் "காலம 9.10, வெயில்." வேறு சில கட்டங்களில் ஒன்றுமே இல்லை. என் வேலையில் இதைவிடப் பயனுள்ள ஆவணத்தை அதிகம் கண்டதில்லை.

அந்த நாட்களின் வானிலைப் பதிவைத் தொலைபேசியில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வெடிச்சத்தம் வந்த இரவுகள் எல்லாம் வானம் தெளிந்து, பொழுதுபட்டதும் குளிர் சடாரென்று இறங்கிய இரவுகள். முகில் மூடியிருந்த இரவுகளில், வெளியே நல்ல குளிர் இருந்தும், கட்டம் காலி. தெளிந்த வானத்தின் கீழ் கூரை தன் சூட்டை வானத்துக்கே விட்டுவிடும். வெளிக்காற்றைவிடக் கூரைப் பலகை அதிகம் குளிர்ந்துபோகும். காலையில் வெயில் பட்டதும் அதே பலகை திரும்பச் சூடாகி நீளும். அணிலுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. சூடு குளிர்ச்சிக்கு விரிந்து சுருங்கும் ஏதோ ஒன்றுதான் என்று அங்கேயே பெரும்பாலும் தெளிவானது.

இன்னொரு வாய்ப்பையும் ஒதுக்க வேண்டியிருந்தது. 2013 டிசம்பர் பனிமழைப் புயலுக்குப் பிறகு, 2014 ஜனவரி தொடக்கத்தில், ரொறன்ரோ வட்டாரத்தில் பலர் நள்ளிரவில் வெடிச்சத்தம் கேட்டு அவசர உதவிக்கு அழைத்தார்கள். நிலத்துக்குள் ஊறிய நீர் திடீரென உறைந்து மண்ணைப் பிளப்பதால் வரும் உறைபனி அதிர்வு அது. அப்படியென்றால் தெருவே கேட்கும், பேஸ்மென்டிலும் அதிரும். இங்கே இரண்டு பக்கத்து வீடுகளிலும் கேட்டோம். ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆகவே சத்தம் இந்த வீட்டுக்குள்தான்.

வெடிச்சத்தம் தவிர இன்னும் இரண்டு இருந்தன. காற்றடிக்கும் நாளில் டக் டக் டக் என்று விரைவாக ஒரு தட்டல். மூன்றாவதை இளைய பிள்ளை சொன்னது: "வோஷ்ரூமுக்கு மேல மழை பெய்யுது." எந்த நாளில் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பனி கரைந்து சப்பாத்து நனைந்த நாளில். பெரியவர்கள் யாரும் அதைச் சத்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது அந்த மூன்றாவதுதான்.

அட்டிக்கின் வேலை என்ன

மேலே ஏறுவதற்கு முன் ஒரு விளக்கம். ஊரில் ஓட்டுக்கூரை தானாக மூச்சுவிடும், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்றுப் போய்வரும். இங்கே கூரை மூடிய பெட்டி. சீலிங்குக்கு மேலே சூட்டைத் தடுக்கும் இன்சுலேசன் தடிப்பாகக் கிடக்கும், அதற்கு மேலே உள்ள வெற்றிடம்தான் அட்டிக். வீட்டுச் சூடு இன்சுலேசனுக்குக் கீழேயே நிற்க வேண்டும். அட்டிக் குளிர்காலத்தில் கிட்டத்தட்ட வெளியைப் போலவே குளிராக இருப்பதுதான் நல்லது. கூரை விளிம்பின் அடிப்பக்கம், அதாவது சொஃபிட் துளைகள் வழியாகக் காற்று நுழைந்து, கூரை உச்சிக்கு அருகே உள்ள வென்ட் வழியாக வெளியேற வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து தப்பி மேலே வரும் ஈரத்தை அந்தக் காற்று அள்ளிக்கொண்டு போகும்.

ஒன்ராறியோ கட்டட விதிப்படி, இப்படிப்பட்ட சாய்வுக் கூரையில் காற்றுத் துளைகளின் மொத்தப் பரப்பு, இன்சுலேசன் போட்ட சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதில் குறைந்தது கால்பங்கு உச்சிப் பக்கமும் கால்பங்கு அடிப்பக்கமும். 1,200 சதுர அடிக்கு 4 சதுர அடி, அதாவது 576 சதுர அங்குலம். கால்பங்கு 144. கூரையில் நான்கு வென்ட் இருந்தன, ஒன்றுக்கு 50 சதுர அங்குலம் என்று வைத்தால் 200. சொஃபிட்டோ வீட்டைச் சுற்றித் துளையிட்ட அலுமினியம். காகிதத்தில் எல்லாம் சரி. வெளியே நின்று பார்த்தாலும் சரி.

உள்ளே பார்த்தது

வெளியே மைனஸ் 14 இருந்த ஒரு காலையில் ஏறினேன். அட்டிக்கின் வாசல், பெரிய அறையின் உடுப்பு அலுமாரிக்கு மேலே ஒரு சதுரப் பலகை. அதைத் தூக்கும்போதே விளிம்பில் பனி ஒட்டியிருந்தது தெரிந்தது. சுற்றிவர இருக்க வேண்டிய ரப்பர்ப் பட்டை இல்லை. பலகையின் முதுகில் இருக்க வேண்டிய இன்சுலேசன் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

டோர்ச்சை உயர்த்தியதும் முதலில் கண்ணில் பட்டது ஆணிகள். ஷிங்கிள் ஆணிகளின் முனை கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கும், நூற்றுக்கணக்கில். வடக்குச் சரிவில் அவை ஒவ்வொன்றும் கற்கண்டு படிந்த நூல் மாதிரி வெள்ளையாக நின்றன. சில இடங்களில் பலகை முழுவதும் உறைபனி. அதன் கீழே மரம் தேயிலைச் சாயம் பட்டதுபோல் கறுத்திருந்தது. ஈரமானி 24 சதவீதம் காட்டியது. அந்த வகை அழுத்துப் பலகையில் ஈரமானி துல்லியமாகக் காட்டாது, ஆனாலும் தெற்குச் சரிவில் அதே கருவி 15 காட்டியது. ஒப்பிட அது போதும்.

பிறகு மேல்மாடிப் பெரிய வோஷ்ரூமுக்கு மேலே தவழ்ந்து போனேன். (கால் வைப்பது எப்போதும் கீழ்ச்சட்டத்தின் மேல்தான். இன்சுலேசனில் மிதித்தால் சீலிங்கோடு கீழே போய்விடுவோம்.) வோஷ்ரூம் ஃபானில் இருந்து புறப்படும் குழாய், கூரை மூடியில் பொருந்த வேண்டிய இடத்தில் பொருந்தாமல், பக்கத்தில் சாய்ந்து வாயைத் திறந்து கிடந்தது. திருகுப் பட்டி போட்டு இறுக்கவில்லை. ஒரு சுற்று டேப் மட்டும். குளிரில் அது விட்டுவிட்டது. குழாயின் வாயைச் சுற்றி இன்சுலேசன் நனைந்து, உறைந்து, கட்டியாகக் கிடந்தது. ஐந்து பேர் குளிக்கும் வோஷ்ரூம். ஒவ்வொரு காலையும் அவர்கள் ஃபானைப் போட்டு நீராவியை வெளியே அனுப்புவதாக நம்பினார்கள். அது நேரே அட்டிக்குக்குள் போய்ப் பலகையில் உறைந்தது. சற்று வெப்பமான நாளில் கரைந்து சொட்டியது. பிள்ளை கேட்ட மழை அதுதான்.

இன்னும் ஒன்று. ஆர்-60 அளவுக்கு (சூட்டைத் தடுக்கும் வலுவைக் குறிக்கும் எண் அது) ஊதி நிரப்பிய கண்ணாடி நார் இன்சுலேசன், 20 அங்குலத்துக்கு மேல் உயரம். வீட்டின் பின்பக்கம் முழுவதும் அது கூரை விளிம்புவரை தள்ளப்பட்டு, சொஃபிட்டை அடைத்திருந்தது. இன்சுலேசனை ஒதுக்கிப் பிடித்துக் காற்றுக்கு வழிவிடும் பாஃபிள் தகடுகள் முன்பக்கம் ஒழுங்காக இருந்தன. பின்பக்கம் சில நசுங்கியும், பெரும்பாலான இடைவெளிகளில் இல்லாமலும் இருந்தன. டோர்ச்சை அணைத்துப் பார்த்தேன். முன்பக்க விளிம்பில் மெல்லிய வெளிச்சக் கீற்று. பின்பக்கம் கும்மிருட்டு. காகிதக் கணக்கு பிழைத்தது அந்த இருட்டில்தான்.

வெடிச்சத்தத்துக்கான காரணங்களும் அங்கேயே கிடைத்தன. ட்ரஸ் எனப்படும் முக்கோணச் சட்டங்களைப் பிணைக்கும் ஆணித்தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் கிளம்பவில்லை, எந்தச் சட்டமும் வெட்டப்படவில்லை, முறியவில்லை. அது பெரிய ஆறுதல். ஆனால் கூரைப் பலகைகளுக்கு இடையே 3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில், ஈரம் குடித்து ஊதிய சில பலகைகள் விளிம்போடு விளிம்பு முட்டி நின்றன. இரும்புத்தகடும் மரமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. முட்டி நிற்கும் பலகை கொஞ்ச நேரம் இழுபட்டுத் தாங்கும், பிறகு ஒரே நொடியில் வழுக்கும். அந்த நொடிதான் டமார். சீலிங் டிரைவோல், அதாவது ஜிப்சம் பலகை, ஒரு பெரிய மேளத்தோல் மாதிரி அதை அறைக்குள் இறக்கிவிடும்.

மேல்மாடி நடையில், சீலிங்கும் உள்சுவரும் சேரும் மூலையில் மயிர்க்கோடு போலத் தொடங்கி நடுவில் 3 மில்லிமீட்டர் வரை அகன்ற விரிசல் ஒன்றும் இருந்தது. கோடையில் அது மூடிக்கொண்டதாக மனைவி சொன்னார். ட்ரஸ்ஸின் கீழ்ச்சட்டம் இன்சுலேசனுக்குள் சூடாகப் புதைந்து காய்ந்து குறுகும். மேல்சட்டம் குளிரில் ஈரம் வாங்கி நீளும். இரண்டும் எதிர்த்திசையில் போக, கீழ்ச்சட்டம் நடுவில் வில் போல மேலே வளைந்து சீலிங்கையும் தூக்கும். குளிர்நாடுகளில் அறியப்பட்ட விசயம் இது, கூரை விழப்போவதன் அறிகுறி அல்ல. ஆனால் இந்த அட்டிக்கில் இருந்த ஈரம் அதைப் பெருக்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்குள் ஈரப்பதன் 48 சதவீதம். அந்தக் குளிருக்கு 30, 35க்கு மேல் இருக்கக் கூடாது. யன்னல் கண்ணாடிகளின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பழைய காற்றை வெளியேற்றி அதன் சூட்டைப் புதுக்காற்றுக்குக் கொடுக்கும் எச்.ஆர்.வி. இயந்திரம் பேஸ்மென்டில் இருந்தது, அணைத்தபடி. இரைகிறது என்று நிறுத்தியிருக்கிறார்கள். சோறும் புட்டும் நாள்தோறும் ஆவியில் வேகும் குசினியில் அடுப்புக்கு மேலே உள்ள ஃபானும் அதே காரணத்தால் ஓய்வில்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மின்சார ஃபான் வேண்டாம் என்பது முதல் முடிவு. கீழே காற்று நுழைய வழி அடைபட்டிருக்கும்போது மேலே இழுவையைக் கூட்டினால், அந்த ஃபான் எங்கிருந்து காற்றை இழுக்கும்? சீலிங்கில் உள்ள ஒவ்வொரு கீறலிலும் இருந்து, வீட்டுக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்றைத்தான் இழுக்கும். காசு கொடுத்து நோயை வளர்ப்பதாக முடிந்திருக்கும். கூடுதல் வென்ட் வெட்டுவதையும் அதே காரணத்துக்காக மறுத்தோம்.

இரண்டாவது, வரிசை. ஈரம் உற்பத்தியாகும் இடம் முதலில், அது மேலே ஏறும் ஓட்டை அடுத்து, காற்றோட்டம் அதற்குப் பிறகு. அன்றே எச்.ஆர்.வி.யைப் போட்டோம். குழாய் சரியாகும்வரை அந்த வோஷ்ரூமில் குளிக்க வேண்டாம், ஃபானையும் தொட வேண்டாம் என்றேன். காலையில் ஐந்து பேரும் ஒரே சின்ன வோஷ்ரூமுக்கு வரிசையில் நின்றார்கள், இரண்டு கிழமை. அட்டிக் வாசலுக்கு ரப்பர்ப் பட்டை ஒட்டி, இறுக்கிப் பூட்டும் கொளுவியும் போடப்பட்டது.

மூன்றாவது, வெடிச்சத்தத்துக்கு என்று தனியாக ஒன்றும் செய்வதில்லை. கூரைப் பலகைகளைக் கழற்றி இடைவெளி விடுவது, உறுதியாக நிற்கும் கூரையைக் கலைப்பதாகும். அம்மாவுக்கு இதை ஏற்றுக்கொள்வது கடினமாக இருந்தது. "சத்தத்துக்குத்தானே தம்பி உங்களக் கூப்பிட்டது" என்றார். உண்மைதான். அவரைத் தூங்கவிடாத சத்தத்தால் கூரைக்குக் கேடில்லை, கேடு செய்தது ஓசைப்படாமல் உறைந்து கொண்டிருந்தது என்று அட்டிக்கில் எடுத்த படங்களைக் காட்டி விளக்கினேன்.

செலவு யாருடையது என்பது அடுத்த பிரச்சினை. ஒன்ராறியோவில் புதுவீட்டுக்குச் சட்டப்படியான உத்தரவாதம் உண்டு. வேலைத்தரக் குறைகளுக்கு ஒரு வருடம், நீர் உட்புகுதல், மின்சாரம், குழாய், வெப்ப விநியோகம் போன்றவற்றுக்கு இரண்டு வருடம், பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு ஏழு வருடம். முதல் வருட முடிவில் கொடுக்க வேண்டிய படிவத்தில் இந்தக் குடும்பம் அட்டிக்கைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. மரம் காய்கிறது என்று நானும் சொல்லியிருந்தேனே. படங்களோடு எழுத்தில் கொடுத்த பிறகு, கட்டிய நிறுவனம் ஆளனுப்பிக் குழாயைத் திருகுப் பட்டியால் இறுக்கி, இன்சுலேசன் உறை போட்டு, தட்டல் சத்தம் கொடுத்த மற்ற ஃபானின் கூரை மூடியையும் மாற்றிக் கொடுத்தது. அதன் மடல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பாஃபிள்களுக்கு ஒரு வருடம் கடந்துவிட்டது என்று கைவிரித்தார்கள். அதையும், நனைந்த இன்சுலேசனை அள்ளிப் புதிது போடுவதையும் குடும்பம் தன் காசில் பெப்ரவரியில் செய்தது.

பின்னர் நடந்தது

பெப்ரவரி நடுப்பகுதியில் வீட்டு ஈரப்பதன் 34க்கு இறங்கியது, யன்னல்கள் காய்ந்தன. பனி கரைந்த முதல் நாளில் மேலே எஞ்சியிருந்த உறைபனி ஒருமுறை சொட்டியது. அதன்பின் இல்லை. செப்ரெம்பரில் திரும்ப ஏறியபோது வடக்குச் சரிவுப் பலகை 12 காட்டியது. கறை இருந்தது, மரம் கெட்டியாக இருந்தது. ஊசியால் குத்திப் பார்த்தும் இறங்கவில்லை. பின்பக்க விளிம்பில் இப்போது வெளிச்சக் கீற்று.

அடுத்த ஜனவரியில் அம்மாவின் கலண்டரை எண்ணினோம். முந்தைய ஜனவரியில் 26 குறிப்புகள், இந்த முறை 9. இதை முழுவதும் எங்கள் வேலையின் பலன் என்று எழுத மாட்டேன். இரண்டு குளிர்காலங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை, மரமும் இன்னொரு வருடம் காய்ந்துவிட்டது. தட்டல் முற்றாக நின்றது. ஆணிகளில், வாசலுக்கு அருகே சிலவற்றைத் தவிர, உறைபனி இல்லை.

இன்று செய்தால்

முதல் அழைப்பிலேயே போயிருப்பேன். அரை மணி நேரம் அட்டிக்கில் தவழ்ந்திருந்தால் முதல் வருடப் படிவத்தில் எல்லாம் ஏறியிருக்கும், அந்தக் குடும்பத்தின் காசு மிஞ்சியிருக்கும். சத்தத்துக்கு ஒரு இயல்பான காரணம் இருப்பது, வேறு கோளாறு இல்லை என்பதற்குச் சான்றல்ல. அதை இப்போது ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுகிறேன். புதுவீட்டுக்காரர்களிடம், உத்தரவாதத்தின் முதல் குளிர்காலத்திலேயே, நல்ல குளிரான ஒரு காலையில் அட்டிக் வாசலைத் திறந்து ஆணிகளைப் படமெடுக்கச் சொல்கிறேன். கோடையில் திறந்தால் ஒன்றும் தெரியாது, ஆணிகள் காய்ந்து சுத்தமாக இருக்கும்.

சத்தம் கேட்டால் நேரத்தைக் குறிக்கச் சொல்கிறேன், அன்றைய வானம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து. வீட்டில் உள்ள எல்லாரிடமும் கேட்கிறேன், பிள்ளைகளிடமும்.

அந்த நடை விரிசலுக்கு இன்னும் பூசவில்லை. கோடையில் மூடியிருக்கும்போது பூசினால் குளிரில் திரும்பப் பிளக்கும். சீலிங்கில் மட்டும் ஆணியடித்து, சுவரோடு பிணைக்காமல் ஒரு மரச்சட்டம் ஓட்டினால் அது சீலிங்கோடு சேர்ந்து ஏறி இறங்கும், விரிசலும் மறையும். அதற்கு முன், எவ்வளவு தூக்குகிறது என்று இன்னொரு முழு வருடம் அளக்க வேண்டும். விரிசலின் இரு கரையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதியிருக்கிறோம். கடைசியாக ஜனவரியில் அளந்தபோது ஒன்றரை மில்லிமீட்டர். மார்ச்சில் மறுபடி போகிறேன்.